ஐந்தருவி பொன்செல்வியின் பூட்டுக்கடைப் பிரவேசம்

குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களைப் போல விவரமில்லாத கூட்டத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. வீட்டில் பீரோ சாவியை இடம் மாற்றி இடம் மாற்றி ஒளித்து வைக்கிற ஆள், இங்கே வந்ததும் கார் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அருவிக்குள் தலையைக் கொடுப்பார். ஆனந்தமாகக் குளித்துவிட்டு வெளியே வந்து இடுப்பைத் தடவும்போது, சாவி சிற்றாற்றில் வெகுதூரம் போயிருக்கும்.

இந்தக் கூத்தை ஒவ்வொரு சீசனிலும் பக்கத்திலிருந்து பார்த்தவள் பொன்செல்வி. ஐந்தருவியில் கார்கள் நிற்கும் இடத்தின் ஓரமாக எண்ணெயும் துண்டும் விற்கிறாள். குளிக்கப் போகிறவர்களின் பைகளையும் வாங்கிவைத்துப் பார்த்துக்கொள்வாள். முதலில் பைக்கு ஒரு பிளாஸ்டிக் டோக்கன் கொடுத்தாள். சாவிகள் போன வழியிலேயே டோக்கன்களும் போயின. அதற்குப் பிறகு டோக்கனும் இல்லை, சீட்டும் இல்லை. பையைக் கேட்டு வருகிறவரிடம், “உள்ள என்ன இருக்கு, சொல்லுங்க” என்பாள். எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் ஈரத்துண்டோடு நின்று தன் பனியனின் நிறத்தைச் சொல்லித்தான் தீரவேண்டும்.

சாரல் நின்றால் அவள் கடையும் படுத்துவிடும். சும்மா உட்கார்ந்திருப்பது அவள் உடம்புக்கு ஆகாது. சாவி தொலைவதற்கு மட்டும் சீசன் கிடையாது என்று கண்டுகொண்டவள், நாற்பது வயதில் பூட்டு வேலை கற்றுக்கொள்வதென்று முடிவு செய்தாள். யாராவது ஒருவர் அவளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதுதான் நடக்கவில்லை.

தென்காசியில் முதலில் போன கடைக்காரர், “பொம்பளையாளுக்கு எதுக்கு இந்த இரும்புத் தூசி?” என்று அனுப்பிவிட்டார். தினமும் விறகும் சிலிண்டரும் தூக்குகிற பொம்பளையாளுக்குத் தூசி ஆகாதாம். இன்னொருவர் பதில்கூடச் சொல்லாமல் டீ குடிக்கப் போய்விட்டார். கடைசியாகப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பெட்டிக்கடை அளவில் சாவிக்கடை வைத்திருக்கும் முகம்மது சலீமிடம் வந்தாள். சலீம் அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். சீசனில் அவள் போன் போட்டால் பைக்கில் ஐந்தருவிக்கு வந்து, கார்களைத் திறந்துவிட்டுப் போகிறவன். அதனால் பழக்கம் உண்டு.

“கத்துக் குடுக்கதுல ஒண்ணுமில்லக்கா. நாளைக்கு எவன் வீட்டுப் பூட்டு திறந்து கெடந்தாலும் போலீசு மொதல்ல எங்கிட்டத்தான் வரும். நான் கத்துக் குடுத்த ஆளுக்கும் சேத்து நாந்தான் பதில் சொல்லணும். எனக்குப் பயமா இருக்கு, அவ்வளவுதான்.”

“பயத்துக்கு நான் என்ன தம்பி செய்ய முடியும்?”

“ஒண்ணுஞ் செய்யாண்டாம். சும்மா வந்து பாத்துக்கிட்டு இருங்க. ஆனா சேத்துக்கிட்டேன்னு வெளியில சொல்லிராதீய.”

கடையில் இருந்தது ஒரே ஸ்டூல். அதில் சலீம் உட்கார்ந்திருப்பான். பொன்செல்வி பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். மத்தியானம் வரை ஐந்தருவி, அதன்பிறகு பஸ் பிடித்துத் தென்காசி. வாளியின் விளிம்பு அழுத்தி எழுந்திருக்கும்போதெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். போனில் கேட்கிற உறவுக்காரர்களிடம், “சும்மாதான் பாத்துக்கிட்டு இருக்கேன்” என்பாள். அப்படிச் சொல்லும்போது அவளுக்கு வெட்கமாக இருக்கும்.

ஒருநாள் அவன் ஒரு பழைய பூட்டைக் கொடுத்தான். பல் வெட்டாத சாவியை மெழுகுவர்த்தியில் காட்டிக் கரி பிடிக்கவைத்து, பூட்டுக்குள் விட்டுத் திருப்பவேண்டும். உள்ளே உரசும் இடங்களில் கரி போய்க் கோடு விழும். அந்த இடத்தை அரத்தால் ராவவேண்டும். பொன்செல்வி கரி பிடித்தாள், உள்ளே விட்டாள், திருப்பினாள். வெளியே எடுத்தால் கோடும் இல்லை, ஒன்றும் இல்லை. எத்தனை தரம் செய்தாலும் சாவி முழுக்க ஒரே கறுப்பு மெழுக்கு. பூட்டுக்குத்தான் கோளாறு என்று அதைத் திட்டவும் செய்தாள்.

சலீம் அவள் உள்ளங்கையைப் பார்த்துச் சிரித்துவிட்டான். “ஏன்க்கா, சாவிக்குக் கண்மை தீட்டிட்டு வந்திருக்கியளா?”

காலையிலிருந்து குளிக்க வந்தவர்களுக்கு நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுத்த கை அது. அவ்வளவு எண்ணெயில் கரி எப்படி நிற்கும்? உலகத்தில் எந்தப் பூட்டுக்கடையிலும் இந்தத் தப்பு நடந்திருக்காது. மறுநாளிலிருந்து சலவை சோப்புத் துண்டு ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள்.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஐந்தருவியில் நல்ல கூட்டம். மனைவி, பிள்ளையோடு வந்திருந்த ஒருவர் வழக்கம்போல் சாவியை அருவிக்குக் காணிக்கை கொடுத்துவிட்டு, ஒரு வெள்ளைக் காருக்குப் பக்கத்தில் நடுங்கிக்கொண்டு நின்றார். வாடகைக்கு எடுத்து அவரே ஓட்டிவந்த கார். பொன்செல்வி போன் போட, சலீம் வந்தான். பிள்ளை குளிரில் அழுகிற அவசரம் அவனுக்கும் தொற்றிக்கொண்டது. கதவிடுக்கை அகட்டுகிற காற்றுப் பையைச் செருகி ஊதி, கம்பியைக் கையில் எடுத்துவிட்டான்.

பொன்செல்விக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “சார், உள்ள என்ன இருக்கு?”

“என் கார்ல என்ன இருந்தா உங்களுக்கென்னம்மா?” என்று அவர் சீறினார்.

“அக்கா, சும்மா இருங்க” என்றான் சலீம்.

“சொன்னாத்தான் தம்பி திறக்கணும். கம்பியக் கீழ வையி.”

சண்டை வேண்டாமென்று அவர் மனைவி சொன்னாள்: “பின் சீட்டுல ஒரு பை ரம்புட்டான், பையனோட மஞ்சள் செருப்பு.”

பொன்செல்வி கண்ணாடியில் கையை அணைத்து உள்ளே பார்த்தாள். பழமும் இல்லை, செருப்பும் இல்லை. யாரோ ஒரு பெரியவரின் ஊன்றுகோல் கிடந்தது.

“ஐயோ, திருடிட்டானுங்க!” என்றார் அவர். திருடன் பழத்தை எடுத்துக்கொண்டு ஊன்றுகோலை வைத்துவிட்டுப் போனான் என்று அந்த மனிதர் நிஜமாகவே நம்பினார். மனைவிதான் மெதுவாக, “ஏங்க, இது நம்ம வண்டிதானா?” என்று கேட்டாள். வாடகைக்குக் கொடுத்தவருக்குப் போன் போட்டு நம்பரைக் கேட்டார்கள். அவர்கள் கார் நாலு கார் தள்ளி, ரம்புட்டானோடு சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது.

சலீம் காற்றுப் பையை உருவிச் சுருட்டுவதற்குள் இந்தக் காரின் சொந்தக்காரர் வந்துவிட்டார். பண்பொழிக்காரர், ராணுவத்தில் இருந்தவர், மீசையே பாதி முகம். “எவம்லே என் வண்டிகிட்ட நிக்கது?” என்றார்.

“சும்மா நெழலுக்கு நின்னோம் அண்ணாச்சி” என்றாள் பொன்செல்வி. சாரல் அடித்துக்கொண்டிருந்தது, நிழலும் இல்லை, வெயிலும் இல்லை. அவர் ஒரு முறை முறைத்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனார்.

சலீம் கம்பியைப் பைக்குள் திணித்தான். அவள் ஒரு நிமிடம் தாமதித்துக் கேட்டிருந்தால் கம்பி கதவுக்குள் இருந்திருக்கும், அவன் ஸ்டேஷனில் இருந்திருப்பான். சரியான காரைத் திறந்து கொடுத்துவிட்டு, பைக்கை உதைக்கும்போதுதான் பேசினான். “நாளைக்குக் காலையிலயே கடைக்கு வாங்கக்கா. கையைக் கழுவிட்டு வாங்க.”

மறுநாள் அவள் போனபோது கடை திறக்கவில்லை. சலீம் வாசலில் நின்றபடி கடைப் பூட்டின் சாவியையும், பல் வெட்டாத சாவி ஒன்றையும், அரத்தையும் நீட்டினான். “இதைப் பாத்து உங்களுக்கு ஒண்ணு ராவிக்கிடுங்க.”

அவள் படியில் உட்கார்ந்து ராவினாள். பக்கத்துக் கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டு தரம் மாட்டிக்கொண்டது, மறுபடி ராவினாள். அதற்குப் பிறகு சாவி சுற்றிப் பூட்டு வாயைத் திறந்தது. அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்ததால் ஷட்டரைத் தூக்காமல் திரும்பி, வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

“உள்ள என்ன இருக்கு, சொல்லு தம்பி.”

“ரெண்டு ஸ்டூலு இருக்குக்கா” என்றான் சலீம்.