இரண்டு மிதித்தால் சோறு

மூளைக்காய்ச்சல் என் காதைக் கொண்டுபோன பிறகு ஐந்து வருஷம் வீட்டில் என்னை யாரும் வாயால் கூப்பிட்டதில்லை. காலால்தான். இந்தத் தீவில், டெலானிபூரில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பலகைத் தரை. அடுக்களையிலிருந்து மனைவி ஒரு மிதி மிதித்தால் 'இங்கே வாங்க', இரண்டு மிதித்தால் சோறு. அதிர்வு என் உள்ளங்காலுக்கு வந்துவிடும். பிறகு எதிரே வந்து, தோளைத் தொட்டு, முகத்தைக் காட்டிப் பேசுவாள். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன்.

சென்னையில் ஆபரேஷன் செய்து காதுக்குள் மெல்லிய கம்பியைப் பதித்தார்கள். வெளியே காதில் மாட்டும் கருவி ஒன்று. அதிலிருந்து ஒரு வட்ட வில்லை வந்து தலையில் காந்தமாக ஒட்டிக்கொள்ளும். கழற்றினால் பழையபடி ஒன்றும் கேட்காது. தீவுக்குத் திரும்பிய கப்பல் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தை நெருங்கும்போது சங்கு ஊதியது எனக்குக் கேட்டது. அழுதுவிட்டேன். அதில் வெட்கமில்லை.

ஆனால் சத்தம் கேட்பது வேறு, பேச்சு புரிவது வேறு. இதை எவனுக்கும் விளங்கவைக்க முடியவில்லை. எல்லாக் குரலும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்தது. ஒர்க்‌ஷாப்பில் கூட்டாளிகள் இந்தியில் பேசிச் சிரித்தால், சிரிப்பு மட்டும் தெரிந்தது. பழக மாதக்கணக்கில் ஆகும் என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பினார். வீட்டில் யாருக்கு அந்தப் பொறுமை? மனைவி முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள். மிதி நின்றது. தோளைத் தொடுவதும் நின்றது.

ஒருநாள் எரிச்சலில் கேட்டேவிட்டேன். "முன்ன மாதிரி மிதிச்சாத்தான் என்ன?"

அதற்கு மட்டும் திரும்பி நின்று பேசினாள். "அதான் மிஷின் வச்சாச்சுல்ல? அஞ்சு வருசமா மிதிச்சு மிதிச்சு முட்டி தேஞ்சுபோச்சுங்க. இனியாவது அது ஓயட்டும், கொஞ்சம் ஆராம் குடுங்க."

நியாயம்தான். அந்த முட்டியைப் பற்றி நான் ஒருநாளும் விசாரித்ததில்லை. காது கேட்காதபோது இல்லாத தனிமை கேட்க ஆரம்பித்த பிறகு வந்தது என்று சொன்னால், நன்றிகெட்டவன் என்பார்கள். 

மறுநாள் சாயங்காலம் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். பாதத்தைப் பலகையில் அழுத்தி வைத்துக் காத்திருந்தேன். தரை அசையவில்லை. கூப்பிட்டுப் பார்த்திருப்பாள். கடைசியில் கரண்டியோடு வந்து முறைத்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு, பையிலிருந்து கருவியை எடுத்து என் காதில் மாட்டினாள். முடியை விலக்கி, வில்லை ஒட்டும் இடத்தைத் தேடினாள். விரல்கள் சூடாக இருந்தன. ஒட்டியதும், "சோறு ஆறுது" என்று உள்ளே போய்விட்டாள்.

இப்போது பேச்சு ஓரளவு புரிகிறது. ஆனாலும் சாயங்காலமானால் கழற்றிப் பையில் போட்டுவிடுகிறேன். திட்டிக்கொண்டே வருவது அவள் உதட்டில் தெரியும். அவள் விரல் என் தலையில் இடம் தேடும் அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.