வெர்னாவின் வலது முழங்கை

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மகளுமாகச் சேர்ந்து ஒரு ஃபிளானல் போர்வையை மடித்தார்கள். மார்லா இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டாள். எதிரே வெர்னா, இடது கையில் ஒரு முனை, பல்லிடுக்கில் இன்னொரு முனை.

"வலது முழங்கை இன்னும் வலிக்குதாம்மா?"

வாயில் துணி இருந்ததால் பதில் மடித்து முடித்த பிறகுதான் வந்தது. "ஒண்ணுமில்லடி. ஞாயித்துக்கிழம அதுக்கு லீவு."

புதன்கிழமை மதியம், வீட்டை ஒட்டிய வேலைக் கொட்டகையில் வெர்னாவின் இதயம் நின்றுபோனது. அறுபத்தெட்டு வயது. முழங்கைக்கும் இதயத்துக்கும் தொடர்பில்லை என்று மார்லாவுக்குத் தெரியும். காகித ஆலையில் இயந்திரம் ஏன் பழுதாகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. ஆனாலும் அடக்கம் முடிந்த பிறகு அவள் மனம் அந்த முழங்கையை விட்டு நகரவில்லை.

வெர்னா அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடற்கரையில் பிறந்து அங்கேயே இருந்தவள். கிறிஸ்துமஸுக்குக் கதவில் மாட்டும் தழைவளையங்களை முப்பத்தொரு வருடம் கட்டினாள். ஃபர் மரக் கொழுந்தை ஒடித்து, ஒரு பிடி சேர்த்து, கம்பி வளையத்தின் மேல் வைத்து, மெல்லிய கம்பியால் மூன்று சுற்று சுற்ற வேண்டும். மற்றவர்கள் சுற்றிவிட்டு அடுத்த பிடிக்குப் போவார்கள். வெர்னா ஒவ்வொரு மூன்றாம் சுற்றிலும் மணிக்கட்டைப் பின்னால் வளைத்துக் கம்பியை வெடுக்கென்று இழுப்பாள். கட்டியதைத் தோள் உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்ப்பாள்.

"ஒரு ஊசியிலை உதிர்ந்தாலும் அது வெர்னா கட்டினதில்ல" என்பாள்.

போன டிசம்பரில் காபிப் பானையைத் தூக்கும்போது முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முடிச்சில் சுருக்கென்றது. பிறகு கதவுக் குமிழைத் திருப்பினாலும் அங்கேதான் வலித்தது. கோவிலில் பாதிரியார் கை குலுக்கினாலும் வலித்தது. கையை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தூக்கினால் உயிர் போகிறாற்போல் வலித்தது. கடல் காற்று என்றாள் வெர்னா. வலிக்கிற முடிச்சின் மேலேயே ஒரு பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். வலி கூடியது.

ஏப்ரலில் மார்லா அவளைப் பிசியோதெரபிஸ்டிடம் இழுத்துப் போனாள். அந்தப் பெண் வெர்னாவின் புறங்கையை அழுத்தி, "என் கையை எதிர்த்து மேல தூக்குங்க" என்றாள். வெர்னா முகம் சுளித்தாள்.

"வலி முழங்கையில. ஆனா களைச்சுப்போனது மணிக்கட்டத் தூக்குற தசை. அது எலும்புல ஒட்டுற இடந்தான் இந்த முடிச்சு. பட்டைய இதுக்கு மேல கட்டாதீங்க, ரெண்டு விரக்கடை கீழ கட்டுங்க. எதத் தூக்கினாலும் உள்ளங்கை மேல பாக்கட்டும்."

பிறகு ஒரு சூப் டின்னைக் கொடுத்துப் பயிற்சி சொன்னாள். டின்னைப் பிடித்த வலது முன்கையை மேசையில் வைத்து, இடது கையின் உதவியால் வலது மணிக்கட்டைத் தூக்க வேண்டும். பிறகு வலது கை மட்டும் மெதுவாக, மிக மெதுவாக இறங்க வேண்டும். லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையிலும் வலித்தால் அளவைக் குறைக்க வேண்டும். சரியாக மாதக்கணக்காகும்.

"அதுவரைக்கும் வளையம் கட்டாதீங்க."

அந்தச் சொல்லை வெர்னா மீறவில்லை. ஆகஸ்டில் மார்லா போனில் கேட்டாள்.

"எங்கம்மா இருக்க? ஒரே காத்தா கேக்குது."

"புளூபெர்ரி வயல்ல."

"கைக்கு ஓய்வு குடுக்கச் சொன்னாங்களேம்மா!"

"வளையம் கட்டாதேன்னுதானடி சொன்னாங்க? நான் எங்க கட்டினேன்? நவம்பர் வரைக்கும் ஓய்வுதான்."

புளூபெர்ரி வாருவதென்றால் சீப்புபோலப் பல் வைத்த கனத்த வாரியைச் செடிக்குள் செருகி மணிக்கட்டை முறுக்கித் தூக்குவது. நாள் முழுக்க அதே தசைக்குத்தான் வேலை. அந்த ஊரில் ஓய்வு என்றால் வேறு வேலை என்று பொருள். மார்லா தானும் அங்கே வளர்ந்தவள்தான். பிசியோதெரபிஸ்டிடம் அதை எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. போனில் கத்தினாள்.

"உன் மெஷின்கிட்டயும் இப்படித்தான் கத்துவியா?"

"மெஷின் சொன்னா கேக்கும்மா!"

அந்த வாரமே மார்லா காலால் மிதித்தால் தழையை வளையத்தில் கவ்விக்கொள்ளும் ஒரு கருவியைச் செய்து கொண்டுவந்து கொட்டகையில் பொருத்தினாள். கம்பி சுற்றவே வேண்டாம். வெர்னா அதை ஒருமுறை மிதித்துப் பார்த்தாள். "நல்லாருக்கு" என்றாள். அடுத்த முறை மார்லா வந்தபோது அதன் மேல் காபி ஃபிளாஸ்க் உட்கார்ந்திருந்தது.

செப்டம்பரில் டாட் என்கிற பெண் வந்து வெறும் கம்பி வளையங்களை இறக்கிவிட்டுப் போனாள். வீடு வீடாக வளையம் கொடுத்துக் கட்டி வாங்குகிறவள் அவள், ஒன்பது மைல் தள்ளி இருக்கிறாள். எப்போதும்போல நாற்பது டஜன். அன்று மாலை வெர்னாவின் கையிலிருந்து பால் குடுவை நழுவித் தரையெல்லாம் பால். அன்றுதான் அவள் இறங்கி வந்தாள்.

"சரிடி. இந்த வருஷம் பாதிதான். இருபது டஜன டாட்கிட்ட திருப்பிக் குடுத்துர்றேன்."

மார்லா ஒவ்வொரு ஞாயிறும் கேட்டாள். குடுத்தியா? நாளைக்கு. குடுத்தியாம்மா? வண்டிக்கு எண்ணெய் மாத்தணும். கடைசி ஞாயிறன்றும் கேட்டாள். "சும்மா நச்சரிக்காத. இந்த வாரம் போயிருவேன்."

அடக்கம் முடிந்து டாட் போனில் பேசினாள். "அவ பாதி திருப்பித் தர்றதா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேம்மா. வழக்கம்போல நாப்பதுன்னுல்ல நெனச்சேன்."

மார்லா போனை வைத்துவிட்டு நேராகக் கொட்டகைக்கு நடந்தாள். அம்மா பொய் சொல்லியிருக்கிறாள். கடைசி வரைக்கும் பொய்.

டாட் தந்த கம்பி வளையங்கள் தொங்கும் சுவரில் ஒரு வரிசை ஆணிகள் காலியாக இருந்தன. வெளியே அம்மாவின் பிக்கப் வண்டியின் பின்தட்டு திறந்து கிடந்தது. உள்ளே தழை வைக்காத வெறும் கம்பி வளையங்கள், திருப்பிக் கொடுப்பதற்காக டஜன் டஜனாகக் கயிற்றால் கட்டியவை. முடிச்சுகள் தொளதொளவென்று கோணலாக இருந்தன. இடது கை போட்ட முடிச்சுகள். எண்ணினாள். பதினான்கு கட்டு.

"இருபதுன்னு சொல்லிட்டுப் பதினாலாம்மா?" என்றாள் சத்தமாக. "இதுலயும் பேரமா?"

திரும்பி உள்ளே வந்தபோதுதான் பார்த்தாள். வேலை மேசைக்குக் கீழே, தரையில், பதினைந்தாவது கட்டு. கயிறு ஒரு சுற்று சுற்றியிருந்தது. முடிச்சு விழவில்லை.