ஜாவா கேட்ட இடத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட்டை ஏற்றிப் போன கதை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒரே ஒரு பழைய வேனில் தொடங்கியவன். இன்று திருப்போரூரிலிருந்து கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் என் வேன்களைப் பார்க்காமல் அந்தச் சாலையில் யாரும் காலையில் போக முடியாது. எல்லாம் என் கையால் செய்தது. ஒன்றே ஒன்றுக்கு மட்டும், என் வேனில் வரும் மதுரைப் பக்கத்துப் பெண்ணுக்கு நன்றி சொல்லியாக வேண்டும்.

என் மகள் குழந்தை பிறந்ததும் கம்ப்யூட்டர் வேலையை விட்டவள். மறுபடி வேலை தேடியபோது, இடையில் வீட்டில் இருந்ததைக் காரணம் காட்டியே எல்லோரும் தட்டிக் கழித்தார்கள். எனக்குத் தெரியாத மேனேஜரா? வேனில் வரும் ஒருவரைப் பிடித்தேன்.

"பொண்ணுக்கு ஜாவா தெரியுமா?" என்று கேட்டார் அவர்.

அவள் ஜாவாஸ்கிரிப்ட் என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படிப்பது எனக்குத் தெரியும். "ஜாவா இன்னா சார், அதுக்கு மேலயே தெரியும்" என்றேன். பஸ் ஓட்ட லைசென்ஸ் வாங்கியவன் கார் ஓட்ட மாட்டானா? நீளமான பெயர்தான் பெரிய லைசென்ஸ் என்று நினைத்தேன். என் தொழிலில் எவனும் அப்படித்தான் நினைப்பான்.

இன்டர்வியூ அன்று மகளை முன் சீட்டில் வைத்து நானே ஓட்டினேன். பின்னாலிருந்து மதுரைப் பெண் எந்த வேலைக்கு என்று விசாரித்தாள். "ஜாவா வேலைக்கு" என்றேன் பெருமையாக.

மகள் முகம் செத்துவிட்டது. "நைனா, இன்னா சொல்லி வெச்சிகீற? எனக்கு ஜாவா தெரியாதே!"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"பேரு மட்டும்தான். போச்சு, இத வுட்டா எவன் கூப்புடுவான்?"

மதுரைப் பெண் முன்னால் சாய்ந்தாள். "ஐயா, நெம்மேலியில கடல் தண்ணிய நல்ல தண்ணியாக்குறாங்கல்ல? ஜாவா பெரும்பாலும் அந்த பிளான்ட் மாதிரி, உள்ளுக்குள்ள வேலை பார்க்கும். ஜாவாஸ்கிரிப்ட் உங்க வீட்டுக் குழாய். நீங்க தொட்டதும் திறக்குறது அதுதான்."

"இப்பல்லாம் கொழாய்க்காரனும் பிளான்ட்டுக்குள்ள வேல பாக்கறான்க்கா" என்றாள் மகள், அழுகையோடு சிரித்து.

"அப்ப சமாளிச்சுக்கலாம், நான் மேனேஜராண்ட சொல்றேன்" என்றேன்.

"வேணாம் ஐயா. உள்ள போய் முழிச்சா, அப்புறம் அந்தக் கதவு திறக்காது. இப்பவே உண்மையச் சொல்லிருங்க."

ஓரமாக நிறுத்தி, அன்று முன்னாலேயே ஆபீஸ் போய்விட்ட மேனேஜருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "நல்லவேளை, இப்பவாவது சொன்னீங்க" என்று வைத்துவிட்டார். அதற்குள் மதுரைப் பெண் தன் ஆபீசுக்குப் போனில் பேசிக்கொண்டிருந்தாள். திரையில் தெரியும் பக்கங்களைச் செய்ய அங்கே ஆள் தேடினார்களாம். "எனக்காக எடுக்க வேணாம் சார், டெஸ்ட் வச்சுப் பாருங்க" என்றாள்.

டெஸ்ட் வைத்தார்கள். என் மகள் தன் திறமையில் தேறினாள். அதில் என் சிபாரிசு ஒரு பொட்டுக்கூட இல்லை.

இப்போது இருவரும் ஒரே வேனில் போகிறார்கள். ஏசி காற்று நன்றாக அடிக்கும் முன் சீட்டு மதுரைப் பெண்ணுக்கு. அவள் லீவு போட்ட நாளில் அந்த மேனேஜரே அந்தச் சீட்டைக் கேட்டார். "அது ஆள் கீற சீட்டு சார்" என்று சொல்லி அவரைப் பின்னால் அனுப்பினேன்.