மரகதம் அறுத்த கயிறு

கிள்ளானில் அக்காவின் பிரசவத்துக்குத் துணையாக இருந்தபோது செய்தி வந்தது. ரயில்வே குடும்பத்துச் செய்திகள் தபாலுக்குக் காத்திருப்பதில்லை. காலை வண்டியின் கார்டோடு வந்துவிடும். ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்த கார்டு அண்ணன் வாசலில் நின்று, "பிரிக்பீல்ட்ஸ்ல மரகதம் தவறிடுச்சும்மா. மலேரியாவாம். மத்தியான வண்டிக்கு வந்துரு" என்றார். எந்த மரகதம் என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த மரகதம் ஒருத்திதான்.

ரயில்வே குவாட்டர்ஸுக்குள் நுழைந்ததும் பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்கள். இப்போதும் அந்தக் கேள்வி எனக்கு முழுதாகப் புரியவில்லை. அதைச் சொல்லுமுன் கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் கழுத்தில் அதைப் பார்த்தவர்கள் பலர் இருப்பீர்கள். அது எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள் குறைவு.

ஜப்பான்காரர்கள் வந்தபோது எங்கள் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் மூடப்பட்டது. எனக்கும் மரகதத்துக்கும் வயது பதினைந்து, ஏழாவது முடித்திருந்தோம். சிப்பாய்களுக்குப் பயந்து, எங்கள் வரிசையில் பெண் வைத்திருந்தவர்கள் எல்லாம் கிடைத்த மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மரகதம் மட்டும் மாட்டேன் என்று சாப்பிடாமல் கிடந்தாள். கடைசியில் அவள் அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தார். மஞ்சள் துண்டு ஒன்றைக் கயிற்றில் கோத்து, மகளுடைய கழுத்தில் தானே மூன்று முடிச்சுப் போட்டார். விளக்கேற்றாமல் கட்ட மனம் வராததால் சாமி விளக்கையும் ஏற்றினார். அதைப் பார்த்து என் அம்மா எனக்கும் ஒன்று கட்டினார்.

அந்தக் கயிற்றை வெளியே தெரியும்படி விட்டுக்கொண்டு, சிப்பாய் நிற்கும் முனையில் குனிந்து வணங்கிவிட்டு, ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போனோம். ஊரில் அப்போது பெண்களுக்கு இருந்த ஒரே படிப்பு அதுதான். இவர்கள் பாஷை நமக்கு எதற்கு என்று நான் முணுமுணுத்தால், "எழுத்து எழுத்துதானேடி, பாக்கியம். வாத்தியாரம்மா ஆவணும்னா ஏதாச்சும் படிச்சுக்கிட்டே இருக்கணும்" என்பாள். முதலாவதாகத் தேறினாள். அந்தச் சான்றிதழ் இன்று கச்சான் கடலை மடிக்கத்தான் ஆகும்.

இல்லாத புருஷனுக்கு ஒரு பிழைப்பும் கொடுத்திருந்தாள். அவர் ரவாங்கில் லோரி ஓட்டுகிறார், மரவள்ளிக்கிழங்கு பிடிக்காது, கோபக்காரர். "எங்க வீட்டுக்காரருக்குக் கணக்கு வராது, அதான் நான் போட வேண்டியிருக்கு" என்று சொல்லிக்கொண்டே கணக்குப் போடுவாள். நான் சிரிப்பேன். என்னுடையவருக்குப் பெயர் வைக்கக்கூட எனக்குத் தைரியம் வந்ததில்லை.

மறு வருஷம் ஜப்பான்காரர்கள் அவள் அப்பாவை மற்ற ரயில்வே ஆட்களோடு சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பினார்கள். திரும்பவில்லை. சண்டை முடிந்து ஆட்கள் வரத் தொடங்கியதும், வண்டி வரும் நேரமெல்லாம் அவள் அம்மா ஸ்டேஷனில் நின்று விசாரித்தார். கழுத்திலிருந்த தாலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டேதான் விசாரிப்பார். அந்த வீட்டில் கயிற்றைக் கழற்றுகிற பேச்சை எடுக்க முடியாமல் போனது. அவளோடு என்னுடையதும் கழுத்திலேயே கிடந்தது.

பள்ளிக்கூடம் மறுபடி திறந்தது. வயதைப் பார்க்காமல் எட்டாவதில் சேர்ப்பதாகக் கேள்விப்பட்டு இருவரும் போனோம். மணமானவர்களைச் சேர்ப்பதில்லை என்றார் புதிய தலைமை ஆசிரியை. மரகதம் நடந்ததை இங்கிலீஷில் விளக்கினாள். அப்படியானால் கழற்று என்று, மேஜையிலிருந்த கத்தரிக்கோலை நகர்த்தினார். முடிச்சு இறுகிக் கிடந்தது. நீ வெட்டு என்று என்னைப் பார்த்தாள். என் கை வரவில்லை. அதோடு, என் கயிறு தெரியாமல் இருக்கத் தாவணியை இழுத்து மூடிக்கொண்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். அவளே வெட்டினாள்; அவளுக்கு எட்டாவதில் இடம் கிடைத்தது, நான் பெயர் கொடுக்காமலே வந்துவிட்டேன். வெளியே வந்து, "பாவம், இன்னிக்கு அவருக்கு விடுதலை" என்று சிரித்தாள். கயிற்றை இலக்கணப் புத்தகத்துக்குள் வைத்து என்னிடம் கொடுத்தாள், அம்மா கண்ணில் பட வேண்டாம் என்று.

அவள் அம்மா வெறுங்கழுத்தைப் பார்த்தார். அடிக்கவில்லை. நாலாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. அதற்குள் நான் கிள்ளானுக்குப் போய்விட்டேன். மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினா மாத்திரைக்கு ஊரெல்லாம் அலைந்தார்களாம்.

பெண்கள் கேட்ட கேள்வி இதுதான்: மஞ்சள் பூசிச் சுமங்கலியாக அனுப்புவதா, கன்னியாக அனுப்புவதா, தாலி அறுத்தவளாக எண்ணிப் பூ இல்லாமல் விடுவதா? கூடப் படித்தவள் நீ, சொல் என்றார்கள். "படிக்கிற பொண்ணு. எட்டாவது" என்றேன். பைத்தியத்தைப் பார்ப்பது போல் பார்த்தார்கள். அவள் அம்மா மட்டும் எழுந்து வந்து, மகளின் தலையை மடியில் வைத்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது போடுவது போல இரட்டைச் சடை பின்னினார்.

பின்னிக்கொண்டே என்னிடம் கேட்டார். "கட்டுனது நானு, அறுத்தது அவ. எதுனால போனா? நீ படிச்ச பொண்ணு, சொல்லு."

"கொசுதான் அத்தை. கயிறுல ஒன்னுமில்ல."

"கயிறுல ஒன்னுமில்லன்னா, நான் போட்டிருக்கிறது யாரைக் காப்பாத்திக்கிட்டிருக்கு?"

எந்தப் பாடத்திலும் எங்களுக்கு அதைச் சொல்லித் தரவில்லை. எங்களைப் படிக்க அனுப்பியதும் அந்தக் கயிறுதான், பள்ளிக்கூட வாசலில் நிறுத்தியதும் அதுதான். அதை வாழ்த்துவதா வைவதா என்றே தெரியாமல் நிற்கிறேன்.

அவளுடைய இலக்கணப் புத்தகமும் அறுந்த கயிறும் என்னிடம் இருக்கின்றன. அவள் அம்மா அவற்றைக் கேட்கவில்லை. இன்று காலை என் கயிற்றையும் அறுத்துவிட்டு எட்டாவதில் பெயர் கொடுத்து வந்தேன். கயிற்றுக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை என்று நன்றாகத் தெரியும். இதை எழுதி முடிப்பதற்குள் மூன்று முறை நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டேன்.