மலை ஏறக் கூடாத கண்

தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து, மூன்றாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தி, கந்தப்பளையில் சொந்தமாக மரக்கறி லொறிகள் ஓட்டியவன் நான். யாரிடமும் கெஞ்சியதில்லை. கொழும்பில் கண் டாக்டரிடம்தான் கெஞ்சினேன்.

இடது கண்ணின் விழித்திரை கழன்றிருந்தது. உடனே ஒப்பரேஷன் செய்தால் ஓரளவு பார்வை வரலாம், உறுதியில்லை என்றார். கண்ணுக்குள் ஒருவகைக் காற்றை அடைப்பார்களாம். அது கரையும்வரை, வாரக்கணக்கில், மலை ஏறக் கூடாது. ஏறினால் காற்று விரிந்து கண்ணே போய்விடும்.

கந்தப்பளை மலைமேல் வீட்டில் என் மனைவி ராசம்மா புற்றுநோயோடு கடைசி நாட்களில் கிடந்தாள். என் கையால் ஊட்டினால்தான் கஞ்சி இறங்கும்.

"கொஞ்ச நாள் பொறுத்துச் செய்யலாங்களா, டாக்டர்?"

"பொறுத்தா பார்வை கிடைக்காது, ஐயா."

அவள் சீக்கிரம் போய்விட்டால் கண் தப்புமே என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். எழுந்து போய் ஊருக்கு பஸ் ஏறினேன்.

"கண்ணு என்னாச்சுங்க?" என்றாள் ராசம்மா.

"ஒண்ணுமில்லயாம். யாரு கண்ணு இது?"

"ஆமா, பெரிய ராசா கண்ணு. பீத்தாம கஞ்சியக் குடுங்க," என்று சிரித்தாள்.

அவளும் போய்விட்டாள், கண்ணும் போய்விட்டது. செய்தது சரியா என்று இன்றும் தெரியவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்க்க மட்டும் வலது கண் போதுமாக இருந்தது.