பதினோராவது பாட்டு

எந்தப் பாட்டு காதில் விழுந்தாலும் என் வலது கை தானாகத் தொடைக்குப் போய்விடும். ஆட்டோவில் போகும்போது, ஆபீஸ் லிஃப்டில் நிற்கும்போது, பக்கத்து ஃப்ளாட்டில் யாரோ பாத்திரம் தேய்த்துக்கொண்டே பாடினால்கூட. ஆதி தாளம்: ஒரு தட்டு, மூன்று விரல், அப்புறம் தட்டும் வீச்சுமாக இரண்டு. உடம்பு முழுக்க அலுத்துக் கிடக்கும் நாளிலும் இந்தக் கை மட்டும் ஓயாது. சின்ன வயதில் இதைப் பெரிய வித்தை என்று நினைத்திருந்தேன். பத்து வயதில் இந்தக் கையை நம்பி ஒரு ஹால் நிறைய ஆட்களை ஆடவிட்டார்கள், அதனால் வந்த கொழுப்பு அது.

ஆடவிட்டவள் என் சித்தி, அம்மாவின் தங்கை. பெங்களூரில் கல்யாணமாகி, அங்கேயே வேலை பார்த்து, கேஸ் நடத்தி, விவாகரத்து வாங்கிக்கொண்டு இரண்டு பெட்டியோடு திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வந்த மாசமே கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. காலையில் ஏழு மணிக்குப் பஸ் ஏறினால் ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் செருப்பைக் கழற்றுவாள். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பது நாலு வீட்டுக்குத் தெரியும். விவாகரத்து தெரியாமலா இருக்கும்? அவள் பஸ்ஸுக்கு நடக்கும்போது ஜன்னல்கள் எல்லாம் ரொம்ப அக்கறையோடு திறந்திருக்கும்.

பெங்களூரிலிருந்து அவள் கொண்டுவந்ததில் எங்கள் வீட்டுக்குப் புரியாத சாமான் ஒன்றுதான்: ஸ்விங் என்கிற ஆட்டம். அமெரிக்காவில் ரொம்பப் பழைய காலத்தில் ஆடினது. ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, ஜாஸ் பாட்டுக்குத் துள்ளி, உதைத்து, சுற்றிச் சுற்றி வேர்த்து விறுவிறுக்க ஆடுவார்கள். திருவனந்தபுரத்தில் இதற்கெல்லாம் யார் வரப்போகிறார்கள் என்று அப்பாகூடச் சிரித்தார். வந்தார்கள். வழுதக்காட்டில் ஒரு டைல்ஸ் கடையின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை நாலு முதல் ஆறு வரை, இருபது இருபத்தைந்து பேர். கம்ப்யூட்டர் பிள்ளைகள், ஒரு காலேஜ் வாத்தியார், ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும்.

ஆணும் பெண்ணும் கையைப் பிடித்துக்கொண்டு என்ற இடத்தில் அம்மாவுக்கு மூச்சே நின்றுவிட்டது. தீர்ப்பு வந்து மை காயவில்லை, தெருவில் நாலு பேர் என்ன பேசுவா என்று ஆரம்பித்தது மூன்று நாள் ஓடியது. அப்பா பேப்பருக்குப் பின்னால் பத்திரமாக இருந்தார். கடைசியில் சித்திதான் சோர்ந்துபோய் இறங்கிவந்தாள்.

"நான் ஆடலைக்கா. பாட்டு மட்டும் போடறேன். போருமா?"

அம்மாவுக்கு அதுவும் போதவில்லை. குழந்தையும் கூடப் போகட்டும் என்றாள். குழந்தை நான்தான்.

ஆக, எனக்கு உளவாளி உத்தியோகம். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு டப்பாவில் முறுக்கோடு என்னை அனுப்பிவைப்பாள். திரும்பிவந்து கால் அலம்பி முடிப்பதற்குள், தேங்காய் துருவிக்கொண்டே தலை நிமிராமல் கேட்பாள்: "சித்தி ஆடினாளா?" இல்லை என்பேன். அது நிஜம். ஹால் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் மேஜை, அதன்மேல் லாப்டாப், அதன் பின்னால் சித்தி. யார் வந்து கூப்பிட்டாலும், பாட்டைப் பார்த்துக்க ஆள் வேணுமே என்று சிரித்துவிடுவாள். மேஜைக்குக் கீழே மட்டும் அவள் கால் இரண்டும் செருப்பில்லாமல் ஆடிக்கொண்டிருக்கும். அதை நான் அம்மாவிடம் சொன்னதில்லை, அவள் கேட்டது சித்தியைப் பற்றித்தானே, காலைப் பற்றி இல்லையே. வாரத்தில் சித்திக்கென்று இருந்தது அந்த இரண்டு மணி நேரம்தான். நான் ஒருநாள் "ஆமாம்" என்று சொன்னால் அதுவும் போய்விடும். இது சித்திக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். எனக்கும் அரையும் குறையுமாகத் தெரியும்.

ஹால் ஆரம்பித்து ஒரு வருஷம் ஆனதைக் கொண்டாட ஒரு ஞாயிறு குறித்தார்கள். அன்றைக்கு முழுக்க ஒரே ஒரு பாடகியின் பாட்டுகள்தான் என்று முடிவு. பொறுக்கி எடுக்கும் வேலை சித்தி தலையில் விழுந்தது. அந்தப் பாடகிக்கு எங்கள் வீட்டில் ஜாஸ் மாமி என்று பெயர். அம்மா வைத்த பெயர், கொஞ்சம் எரிச்சலோடு. மாமி இருபது வயதில் பாட ஆரம்பித்து எழுபது தாண்டியும் விடவில்லை. ஒரே பாட்டை ஐந்து தடவை ரெக்கார்டு பண்ணியிருப்பாள். சின்ன வயசில் பாடினதில் குரல் மணியாக இருக்கும், ஆனால் எண்ணெய்ச் சட்டி பொரிகிற மாதிரி ஒரு இரைச்சல். ஏதோ அரங்கத்தில் பாடினதில், பாட்டுக்கு முன்னால் மாமி இரண்டு நிமிஷம் ஊர்க்கதை பேசுவாள். இன்னொன்றில் கூட்டம் கைதட்டினதும் டிரம் அடிக்கிறவருக்கு ஆவேசம் வந்து, பாட்டு முடியும்போது ஆரம்பித்த வேகமே இருக்காது. ஆடுகிறவர்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது. மூன்று நிமிஷம், ஒரே சீரான அடி. முதலில் மிதமாக, அப்புறம் இரண்டு வேகமாக, நடுவில் மூச்சு வாங்க ஒன்று.

வயசான காலத்தில் வெறும் பியானோவோடு மாமி பாடின ரெக்கார்டுகளும் இருந்தன. குரல் உடைந்து, பாதி சொல் காற்றாகவே வரும். அவற்றைப் போட்டால் சித்தி கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பாள். முடிந்ததும், இது கேக்கறதுக்கு, ஆடறதுக்கில்லை என்று தள்ளிவைப்பாள்.

அடியை எண்ண அவள் போனில் ஏதோ ஆப் இருந்தது. பழைய ரெக்கார்டு இரைச்சலில் அது குழம்பிப்போய் ஒரே பாட்டுக்கு மூன்று கணக்குச் சொல்லும். அப்போதுதான் என் தொடை வேலைக்கு வந்தது. நான் தெருக்கோடியில் பாட்டு கிளாஸ் போய்க்கொண்டிருந்தேன். வர்ணம் வரை வந்தாகிவிட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் தாளம் போட்டு, எத்தனை அடி என்று நோட்டில் எழுதவேண்டும். நூற்றிருபதுக்கும் நூற்றெழுபதுக்கும் நடுவில் இருந்தால் எடுக்கலாம், மீதி வேண்டாம். ஒரு சனிக்கிழமை, நாற்பது பாட்டையும் போனையும் என்னிடம் கொடுத்துவிட்டுச் சித்தி ஒரு வாரத்துத் துணியைத் துவைக்கப் போனாள்.

எங்கள் பாட்டு டீச்சர் ஒரு விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. மெதுவான பாட்டுக்கு ஒவ்வொரு அடியையும் இரண்டிரண்டாகத் தட்டவேண்டும், அதற்கு இரண்டு களை என்று பெயர். ஒற்றையாகத் தட்டினால் நடுவில் காலம் நழுவும், கையில் ஸ்கேலால் ஒன்று விழும். அந்த நாற்பதில் மாமியின் கிழட்டுப் பாட்டு ஒன்றும் இருந்தது. அவ்வளவு மெதுவாக ஒரு பாட்டை நான் அதுவரை கேட்டதில்லை. டீச்சர் சொன்ன மாதிரியே பயபக்தியோடு இரண்டிரண்டாகத் தட்டினேன். நூற்று முப்பத்திரண்டு வந்தது. எழுதினேன்.

சாயங்காலம் சித்தி ஈரக் கையோடு நோட்டைப் பார்த்தாள். பென்சில் அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் டிக் போட்டாள். வரிசையில் அது பதினோராவது.

கொண்டாட்ட ஞாயிறு நல்ல கூட்டம். பத்துப் பாட்டும் ஜோராகப் போனது, அதிலும் ஒன்பதும் பத்தும் சரியான வேகம். எல்லாரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்தது இன்னும் வேகமாக வரும் என்று முழங்காலை மடக்கி நின்றார்கள். பியானோ நாலு சுரத்தை ஒவ்வொன்றாகக் கீழே வைத்தது. அப்புறம் மாமியின் கிழட்டுக் குரல். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு கம்ப்யூட்டர் பிள்ளைகள் மட்டும் என் கணக்குப்படியே அடிக்கு இரண்டாகத் துள்ளிப் பார்த்தார்கள். கோவிலில் வெயில் நேரத்துக் கல்லில் கால் வைத்தவர்கள் மாதிரி இருந்தது. சிரித்துக்கொண்டே விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்கள். ஹால் நடு காலியாகிவிட்டது.

பாதி வேகப் பாட்டை இரட்டித்து எழுதிவிட்டேன் என்று புரிந்தது, எனக்குக் காதெல்லாம் சுட்டது. சித்தி பாட்டை நிறுத்துவாள், எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று காத்திருந்தேன். அவள் கை லாப்டாப்வரை போனது. நிறுத்தவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பல் டாக்டர் சட்டைக் காலருக்குள் கைக்குட்டையைச் செருகிக்கொண்டு மேஜைக்கு வந்தார். பாதி வழுக்கை, சாதுவான மனுஷர். "ஒரு பாட்டல்லே, வரூ" என்றார், ஒரு பாட்டுதானே, வாங்க என்று. அவர் மனைவி தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் நின்று, போ போ என்று சித்திக்குத் தலையாட்டினாள். இவருக்கும் சித்திக்கும் நடுவில் ஏதாவது வரும் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், ஒன்றும் வரவில்லை. சித்தி எழுந்து போனாள்.

அதை ஆட்டம் என்று சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. உதையில்லை, சுற்றில்லை. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு உடம்பை மாற்றிக்கொண்டு, நின்ற இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினாள். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பாட்டு ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஓடியது. பன்னிரண்டாவது பாட்டை நான்தான் அமுக்கினேன்.

திரும்பும்போது தம்பானூரில் மாறி ஏறின பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நான் அழ ஆரம்பித்தேன். தப்பா எண்ணிட்டேன் சித்தி என்றேன்.

"தெரியும்" என்றாள். "அதை நான் எத்தனை தடவை கேட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அம்மா கேட்டா என்ன சொல்லறது என்று கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உள்ளதைச் சொல்லு. எனக்கு மடுத்துப்போச்சுடி."

அது மலையாளத்து வார்த்தை. அலுப்பு, சலிப்பு, போதும் போதும் என்றாகிவிடுவது, மூன்றும் அதில் இருக்கிறது. எங்கள் வீட்டில் அம்மாவும் அதைத்தான் சொல்வாள், ராத்திரி அடுக்களை விளக்கை அணைக்கும்போது.

அன்றைக்கு அம்மா கீரை அலம்பிக்கொண்டிருந்தாள். வழக்கமான கேள்வி வந்தது. ஆமாம் என்றேன். குழாய் நின்றது. யாரோடு என்று கேட்டாள், சொன்னேன். திட்டு விழும் என்று சுவரோரமாக ஒதுங்கி நின்றேன். அம்மா கீரையைத் தட்டில் வடியவைத்துவிட்டு, எப்படி ஆடினா என்று கேட்டாள். அடுக்களை நடுவில் நின்று, கண்ணை மூடி, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி ஆடிக்காட்டினேன்.

"சிரிச்சுண்டிருந்தாளா?"

"இல்லை. தூங்கற மாதிரி இருந்தா."

அம்மா மறுபடி குழாயைத் திறந்தாள். ராத்திரி சாப்பிடும்போது, யாரையும் பார்க்காமல், அடுத்த ஞாயிறிலிருந்து குழந்தை வரமாட்டா, அவளுக்குப் படிக்க இருக்கு என்றாள். சித்தி தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். சரிக்கா என்றாள். அப்பா மோர் கேட்டார்.

தாளம் தப்பினதற்கு இப்படி ஒரு தண்டனையா என்று நான் இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. சித்தியும் எனக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசவில்லையே என்று அவள்மேலும் கோபம். அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு அவள் தனியாகக் கிளம்பினாள். மழை வரும்போல இருக்கு, குடை எடுத்துக்கோ என்று மட்டும் அம்மா சொன்னாள். நான் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு அழுதேன். வந்த நாளிலிருந்து சித்தி ஒரு ராத்திரிகூடச் சரியாகத் தூங்கினதில்லை என்பதும், அவள் புரண்டு படுப்பதை அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டு அம்மாவும் கண் விழித்தே கிடந்தாள் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. எனக்குப் பத்து வயது. படுத்தால் தூங்கிவிடுவேன்.