கொய்யாத்தோட்டத்துக்கு வந்த தகரம்

மீனம்மாக்கா இளவயதிலிருந்தே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். முழங்கால் மலையேற மறுத்த பிறகு பிள்ளைக்காம்பராவுக்கு மாற்றினார்கள். தாய்மார் வேலைக்குப் போனதும் கைக்குழந்தைகள் அவர் பொறுப்பு. கூரை ஒழுகும். மழை வந்தால் சேலைத் தொட்டில்களை அவிழ்த்து, நனையாத உத்தரமாகப் பார்த்துக் கட்டுவார். மழைக்காலத்துக்குள் தகரம் மாற்றிவிட வேண்டும் என்பதே அவர் கவலை.

2007இல், ஊர் ஊராகச் சுற்றிவிட்டு எங்கும் மனம் நிற்காமல், அந்தத் தோட்டம் இருக்கும் கந்தப்பளைக்குத் திரும்பியிருந்தேன். சேர்ந்த இடம் ஒரு சிறிய தொண்டு நிறுவனம். தோட்டத்துக் குறைகளைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றுவோம். யாரும் படத்துக்கு ஒரு குறிச்சொல் கொடுக்கலாம். அந்தச் சொல்லைத் தேடினால் அதே சொல்லிட்ட படங்கள் எல்லாம் ஒன்றாக வரும்.

"யாரு வேணும்னாலும் பேரு வைக்கலாமா?" மீனம்மாக்கா சிரித்தார். "எங்க லயத்து வீடுகள்ல ஒரு புள்ளைக்குப் பேரு வைக்கவே ஊரு கூடி சண்ட போடும், பாப்பா."

கூரைப் படத்துக்கு என்ன சொல் என்று கேட்டேன்.

"கொய்யாத்தோட்டம்னு போடு."

தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் வாசல் பலகையில் மட்டும்தான் இருந்தது. ஊர் வாயில் அது கொய்யாத்தோட்டம்தான். அவர் சொன்னதையே போட்டேன்.

கொழும்பில் ஒரு நண்பர் குழு படத்தைப் பார்த்துவிட்டுத் தகரம் அனுப்புவதாக எழுதியது. மீனம்மாக்கா லொறிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு வந்தார். லொறி வரவில்லை. இணையத்தில் ஒரு நன்றிப்படம் வந்தது: புதுத் தகரம், சிரிக்கும் குழந்தைகள், அதே குறிச்சொல்.

மீனம்மாக்கா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். "இது நம்ம புள்ளைக இல்லையே. கதவு பச்சையா இருக்கு. நம்மளுது நீலம்."

பூண்டுலோயாப் பக்கத்திலும் ஒரு கொய்யாத்தோட்டம் இருந்தது. அவர்களும் ஒழுகும் கூரையைப் படமெடுத்து அதே சொல்லை இட்டிருந்தார்கள். குழு இரண்டையும் ஒரே இடமென்று எண்ணி, தகரத்தை அங்கே அனுப்பிவிட்டது.

"திருப்பிக் கேக்கலாங்களா, அக்கா?"

"அடிச்ச ஆணியப் புடுங்கச் சொல்றியா? அங்கயும் தொட்டில்தானே தொங்குது." திரையிலிருந்து முகத்தை எடுத்து, "ஆனா நம்ம மழ நமக்குத்தானே பெய்யும்?" என்றார்.

குழுவுக்கு எழுதினேன். கொய்யாத்தோட்டத்துக்குத்தான் கொடுத்தாயிற்றே என்று பதில் வந்தது. நீளமாக விளக்கினேன். எழுதியதைப் படித்தபோது எனக்கே விளங்கவில்லை.

"இன்னொரு சொல்லும் போடு, பாப்பா. 'இன்னும் ஒழுகுது'ன்னு."

போட்டேன். சில நாள் கழித்து அந்தச் சொல்லைத் தேடினோம். ஹட்டனிலிருந்து, நல்லதண்ணியிலிருந்து, பெயரே இல்லாத இடங்களிலிருந்து யார் யாரோ அதே சொல்லைத் தங்கள் படங்களுக்கும் இட்டிருந்தார்கள். கூரைக்குக் கீழே கூரை. எங்கள் நீலக் கதவை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இதுல யாருக்குக் குடுப்பாங்க?" என்றார் மீனம்மாக்கா.

வெளியே தூறல் விழுந்தது. அவர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, தொட்டில்களை மாற்றிக் கட்டப் புறப்பட்டார்.